பலகை முந்திச் சொன்ன பெருநாள்

என் மனைவியின் தம்பி கொழும்பில் கணினிக்கு மென்பொருள் எழுதுகிறவர். எனக்கு மச்சான். அவர் எழுதும் எந்த மென்பொருளிலும், எழுதித் தரச் சொன்னவர்களுக்கே தெரியாமல், ஏதாவது ஒன்றை உள்ளே ஒளித்து வைப்பார். அதில் குற்றம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். அப்படி அவர் ஒளித்து வைத்த ஒன்று, நோன்பு மாதத்தின் கடைசியில் ஒரு மாலை, எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவையே தலைகீழாகப் புரட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகும் என் எண்ணம் மாறவில்லை.

நான் கல்முனையில் ஒரு சிறிய பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் முஅத்தினாக இருக்கிறேன். ஊரில் மோதினார் என்பார்கள். படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்தது. ஆட்களோடு கதைப்பது எனக்கு எப்போதும் பாடுதான். கலியாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் மற்றவர்கள் கை வைத்த பிறகுதான் நான் கை வைப்பேன். யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அவர் வேறு ஆளோடு கதைக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் பாங்கு சொல்லும்போது எனக்குப் பயம் என்பதே கிடையாது. அதில் சொற்கள் முன்பே இருக்கின்றன. நான் குரலைக் கொடுத்தால் போதும். கைகளுக்கும் இடம் இருக்கிறது, இரண்டும் காதுகளில். கதைக்கும்போதுதான் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரிவதில்லை.

முன்பு எங்கள் பள்ளியில் தொழுகை நேரம் காட்ட ஒரு மரப்பலகையும் அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் மணிக்கூட்டு முகங்களும் இருந்தன. முள்ளை நான் விரலால் நகர்த்தி வைப்பேன். மச்சான் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் செலவிலேயே ஒரு மின்பலகை செய்து தந்தார். வீதியைப் பார்த்த மதிலில் பெரிய பலகை. உள்ளே என் அறையில் அதை இயக்கும் சின்னக் கணினி. தொழுகை நேரங்கள், ஆங்கிலத் திகதி, பிறைத் திகதி எல்லாம் இரவில் வீதி முழுக்கத் தெரியும். பிரதான வீதியில் போகிற பஸ்ஸில் இருந்துகூட வாசிக்கலாம்.

எங்கள் வழக்கம் தெரிந்துதான் அவர் அதை எழுதியிருந்தார். பிறை மாதம் கணக்கில் முடிவதில்லை. இருபத்தொன்பது முடிந்த மாலையில் பிறை தென்பட்டால் புது மாதம், தென்படாவிட்டால் முப்பது. அந்த முடிவு கொழும்பிலிருந்து வானொலியில் வரும். ஆகவே இருபத்தொன்பதாம் மாலையில் பலகை தானாகத் திகதி மாற்றாது. என் அறையிலுள்ள திரையில் ஒரு கேள்வி வரும்: புது மாதமா, முப்பதா? முடிவு வந்த பிறகு நான் விரலால் தொட்டுச் சொல்வேன். ஊரின் திகதி என் விரல் நுனியில் இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அதற்கு அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மச்சான் வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்து விறாந்தையில் இருக்கும்போது கையை நீட்டினார்.

"மச்சான், ஒங்கட போனக் கொஞ்சம் தாங்க. ஒரு சாமான் காட்டுறன்."

போனைப் பற்றிய விபரம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த பதிப்பு எண்ணை விரலால் விடாமல் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று திரை நிறம் மாறி ஒரு சின்ன விளையாட்டு திறந்தது.

"இது எப்பிடி வந்த?" என்றேன்.

"வரல்ல. நீங்க வாங்கின நாள்ள இருந்து உள்ளதான் கிடக்கு. நீங்க தட்டல்ல, அவ்வளவுதான்."

"நல்ல சாமானெண்டா வெளிய வைக்கலாமே. ஏன் ஒளிச்சு வைக்கிற?"

"வெளிய வெச்சா அது வேல மச்சான். ஒளிச்சு வெச்சாத்தான் விளையாட்டு. இத எழுதினது மிசின் இல்ல, ஒரு மனிசன் எண்டு எங்கயோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

முந்திய காலத்துக் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றுக்குள் மலைகளுக்கு மேலே பறக்கிற விளையாட்டு ஒன்று இருந்ததாம். அலுவலகங்களில் எத்தனையோ பேர் அது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் அதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். இப்படி ஒளித்து வைப்பதற்கு அவர்கள் தொழிலில் முட்டை என்று பெயர் என்றார்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "முட்டையா? சஹன் சோத்துக்குள்ள நாங்க அவிச்ச முட்டைய மூடி வைக்கிற மாதிரியா?"

"அதேதான் ராத்தா. கிண்டிப் பார்க்கிறவனுக்குத்தான் கிடைக்கும்."

"இவருக்கு ஒரு நாளும் கிடைக்காது. இவர் சஹன்ல கை வைக்க முந்தி சோறே முடிஞ்சிரும்."

இரண்டு பேரும் சிரித்து முடியும்வரை நான் காத்திருந்தேன். பிறகு கேட்டேன். "அப்ப எங்கட பள்ளிப் பலகையிலயும் ஒண்டு இரிக்கோ?"

அவர் போனை என் மடியில் வைத்தார். "அதக் கேக்காதீங்க. நேரம் வந்தா அதுவா வெளிய வரும்."

அன்றிலிருந்து நான் தேடினேன். நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளி வெறுமையாக இருக்கும்போது திரையின் மூலைகளைத் தட்டினேன். திகதியை அழுத்திப் பிடித்தேன். பள்ளிவாசலின் பெயரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. பலகைக்குத் தூசு தட்டும்போதுகூட ஒரு மரியாதையோடு தட்டினேன்.

நோன்பு வந்தது. அந்த இருபத்தொன்பதாம் நாள் பின்னேரம் வானம் மூட்டமாக இருந்தது. எங்கள் கரையில் கடல் கிழக்கே. தலைப்பிறையோ மேற்கே. ஆகவே பிறை பார்க்கிறவர்கள் கடற்கரைக்குப் போவதில்லை, வயல் பக்கம்தான் போவார்கள். பள்ளித் தலைவர், நிர்வாகத்து மரைக்கார்மார், இமாம் மௌலவி எல்லோரும் அஸர் தொழுகை முடிந்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சிப் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு கிட்டங்கி வயல் வெளிக்கு வேனில் கிளம்பினார்கள்.

"மோதினாரே, பள்ளி ஒங்கட பொறுப்பு," என்றார் தலைவர். "மஃரிபையும் நீங்களே தொழுவிச்சிருங்க. முடிவு வந்தா மௌலவி வந்து மைக்கில சொல்லுவாரு. நீங்க ஒண்டும் கதைக்கத் தேவையில்ல."

அது எனக்கு ஆறுதலான சொல்.

சூரியன் மறைந்து மஃரிப் நேரம் வந்ததும் பாங்கு சொன்னேன். நோன்பு திறந்தோம். தொழுவித்தேன். ஸலாம் கொடுத்து முடிக்கவும் வெளியே முதல் பட்டாசு வெடிக்கவும் சரியாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சரம்.

வெளியே வந்து பார்த்தேன். வீதி நிறைய ஆட்கள். எல்லோரும் எங்கள் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பலகையில் தொழுகை நேரங்கள் இல்லை. ஒரு மூலையிலிருந்து பச்சை நிறப் பிறை ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது உச்சிக்குப் போனதும் சின்னச் சின்ன நட்சத்திரங்களாக உதிர்ந்து, அந்த நட்சத்திரங்கள் கூடி எழுத்தாகின. பெருநாள் வாழ்த்துக்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து பிறை.

அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. நான் மாதக்கணக்காகத் தேடிய சாமான் இதுதான் என்று பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. அடுத்த கணம்தான் நினைவு வந்தது. பிறை முடிவு இன்னும் வரவில்லை.

"மோதினாரே, பிறை கண்டாச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அவரை மடக்கினார். "பள்ளிப் பலகையே போட்டிரிக்கி, மறுகா என்ன கேள்வி? கண்டாச்சுகா, கண்டாச்சு."

கோழிக்கடைக்காரர் இறக்கி வைத்த கதவை மறுபடி மேலே தள்ளிக்கொண்டிருந்தார். ஆட்கள் போனைத் தூக்கிப் பலகையைப் படம் எடுத்தார்கள். ஒருவர் போனில் உரத்துக் கதைத்தார். "ஓம் மாமா, எங்கட பள்ளியில போட்டிட்டாங்க. சம்மாந்துறையில இன்னும் சொல்லல்லயா? நீங்க எப்பவும் பிந்தித்தானே!"

பள்ளிக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறார். ஒவ்வொரு பெருநாளைக்கும் ஊருக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்துக் கொடுப்பது அவருடைய தொழில். அவர் வேலிப் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்.

"நானா, முட்டைய உடைக்கட்டா, வேணாமா? அடுக்களை நிறைய முட்டை கிடக்கு. உடைச்சா மறுகா ஒட்டேலாது!"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதுதான் அன்று ஊரின் கேள்வி. பிறை காணப்படவில்லை என்றால் நாளை ரமழான் மாதத்தின் முப்பதாம் நாள். பலகையை நம்பி, ஒரு மஹல்லாவே நோன்பு நாளில் பெருநாள் உடுப்பு உடுத்துச் சாப்பிட உட்காரும். இரவு இஷாவுக்குப் பிறகு, நோன்பு மாதத்துக்கே உரிய தராவீஹ் தொழ யாரும் வரமாட்டார்கள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. விட்டுப் போன அந்த ஒரு நோன்பு எங்கள் பள்ளிவாசலின் மதிலால் போனதாக இருக்கும்.

மௌலவிக்குப் போன் எடுத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. தலைவருக்கும் கிடைக்கவில்லை. பிறை பார்க்கும் மாலையில் எல்லோரும் எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மச்சானுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார்.

"பார்த்தீங்களா மச்சான்? எப்பிடி? பிறை ஏறுறதப் பார்த்தீங்களா? அந்த நட்சத்திரம் உதிர்றதுக்கு மட்டும் நான் எவ்வளவு பாடுபட்டன் தெரியுமா?"

"மச்சான், இஞ்ச இன்னும் முடிவு வரல்ல."

"என்ன முடிவு?"

"பிறை முடிவு. ஊரு வெடி கொளுத்துது."

மெதுவாக, "யா அல்லாஹ்," என்றார்.

விசயம் இதுதான். திகதி காட்டும் பகுதியை எழுதும்போது அவர் எங்கள் வழக்கத்தை மனதில் வைத்து, என் விரலுக்காகக் காத்திருக்கும்படி எழுதினார். வாழ்த்தை எழுதியதோ வேறொரு நாள், விளையாட்டுக்காக. அதற்குள் கணக்குப் போட்ட ஒரு பிறைக் கலண்டரைப் போட்டிருந்தார். அந்தக் கலண்டருக்கு அந்த மாதம் இருபத்தொன்பது. மஃரிப் ஆனதும் அது யாரையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டது.

"நீங்க செய்து பார்க்கல்லயா?" என்றேன்.

"ஒளிச்சு வைக்கிறத ஆருக்கிட்டக் குடுத்துச் செய்து பார்க்கிற மச்சான்? தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே. எனக்கு அழகாத் தெரிஞ்சிது. அவ்வளவுதான் பார்த்தன்." உடனே அவசரப்படுத்தினார். "கரண்டக் கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க."

கழற்றினேன். பலகை இருண்டது. அது இன்னும் பிழையாகிவிட்டது. வெளியே சத்தம் கூடியது.

"பார்த்தியா, அழிக்கிறாங்க!"

"பள்ளிக் கொமிற்றிக்குள்ள சண்டையாக்கும். ஒருத்தன் போட, ஒருத்தன் கழட்டுறான்."

"அவங்க சண்டை பிடிக்கட்டும். பலகையில வந்தது வந்ததுதான். எண்ட போன்ல கிடக்கு."

படம் ஊரை விட்டும் போய்விட்டது. பாலமுனை என்ற ஊரிலிருந்து ஒருவருக்கு அதே படம் திரும்பி வந்து சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். மௌலவி வரும்வரை இருப்பது என்றால் இஷா நேரம் ஆகிவிடும். அதற்குள் அடுக்களைகளில் முட்டைகள் உடைந்துவிடும். ஒரு வேலையைத் தொடங்கிவிட்ட வீடு பிறகு எந்த முடிவையும் எளிதில் ஏற்றுக்கொள்ளாது.

நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

சொல்ல வேண்டியது லேசானதல்ல. நாளைக்குப் பெருநாள் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது எனக்குத் தெரியாது. எங்கேயாவது பிறை தென்பட்டிருக்கலாம். பெருநாள் என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்பதைத்தான் சொல்ல வேண்டும், அதையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட்டேன். ஒலிபெருக்கி இரைந்தது. கைகள் இரண்டும் சட்டையைப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. அப்போது அவை தாங்களாகவே மேலே போய்க் காதுகளில் இருந்துகொண்டன. பாங்கு சொல்லும் அதே நிலை. மூச்சும் தன் இடத்துக்கு வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் மோதினார் கதைக்கிறன். நம்மட பலகையில வந்தது பிறை அறிவிப்பு இல்ல. அது கணினிக்குள்ள ஒருத்தர் நல்லெண்ணத்தோட ஒளிச்சு வெச்ச வாழ்த்து. அது கணக்கப் பார்த்து வந்தது, வானத்தப் பார்த்து வரல்ல. நாளைக்கு நோன்பா, பெருநாளா எண்டு பலகைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடிவு வந்ததும் இதே மைக்கில சொல்லுவம். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் தொடங்க வேணாம். எல்லாரும் இஷாவுக்கு வாங்க, தராவீஹுக்கு ஆயத்தமா வாங்க. வெடி கொளுத்தின புள்ளைகள் மிச்சத்தப் பத்திரமா வெச்சிருங்க. முட்டையள உடைக்க வேணாம்."

கடைசி வரி நான் யோசித்துச் சொன்னதல்ல. அது தானாக வந்தது. வீதியில் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு பட்டாசும் நின்றது. படத்தை அனுப்பியவர்கள் பதிந்து வைத்த என் அறிவிப்பையும் அனுப்பத் தொடங்கினார்கள். கோழிக்கடைக் கதவு பாதியில் நின்று, பிறகு இறங்கியது. ஜன்னலால் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் தன் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் வேன் வந்து நின்றது. தலைவர் செருப்பில் வயல் சேறோடு இறங்கினார். வழியிலேயே எல்லாம் கேள்விப்பட்டிருந்தார்.

"பள்ளிக்குள்ளயும் விளையாட்டா?" என்று தொடங்கினார். "ஒங்கட மச்சானுக்குச் சொல்லுங்க, அந்தச் சாமானைப் புடுங்கி எறியச் சொல்லி!"

அவர் முடிப்பதற்குள் வானொலியில் முடிவு வந்தது. நாட்டின் எந்தப் பகுதியிலும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பது. மௌலவி மைக்கில் அறிவித்தார். இஷாவுக்கு வரிசைகள் நிறைந்து, தராவீஹ் முடியும்வரை கலையவில்லை. அன்று நான் பின்வரிசையிலிருந்து அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நோன்பு தன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும்போது தலைவரிடம் போனேன். "ஹாஜியார், அதப் புடுங்க வேணாம்."

"என்னது?"

"வாழ்த்து பிழையில்ல. வந்த நேரம்தான் பிழை. நேரத்த நம்மட கைக்கு எடுத்தாச் சரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மோதினார், நீங்க எப்பத்தில இருந்து கதைக்கத் தொடங்கின?"

"இண்டைக்கு மஃரிபில இருந்து," என்றேன்.

மரைக்கார் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவருக்கும் அடக்க முடியவில்லை. "சரி, சரி. ஆனா இனி ஒங்கட கையிலதான் அந்தச் சாமான். பிழைச்சா ஒங்களத்தான் பிடிப்பன்."

மச்சான் அன்று சாப்பிடவேயில்லை என்று என் மனைவி சொன்னார். மச்சானுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிடப் போவதாக நின்றார். இனிமேல் எந்த மென்பொருளிலும் எதையும் ஒளிக்கப் போவதில்லை என்றார்.

"அழிக்க வேணாம் மச்சான். பிறை ஏறுறதும் நட்சத்திரம் உதிர்றதும் அப்பிடியே இருக்கட்டும். கலண்டரை மட்டும் கழட்டிட்டு அத எண்ட விரலுக்குக் குடுங்க. நான் தொட்டாத்தான் வரவேணும்."

"அப்ப அது முட்டை இல்லையே மச்சான். ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"ஒருத்தருக்காவது தெரிஞ்சிரிக்க வேணும். செய்து பார்க்க ஆளில்லாமத்தானே இந்தப் பாடு. ஊருக்கு அது ஒளிச்சதுதான்."

சரி என்று ஒப்புக்கொண்டு கேட்டார். "மைக்கில கதைச்சீங்களாமே. ராத்தா சொன்னா. பாங்கு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னீங்களாம்."

"இழுத்தாத்தான் தூரம் போகும்," என்றேன். அவர் சிரித்தார். அதன் பிறகுதான் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலையில் கொழும்பிலிருந்தபடியே மாற்றிவிட்டார். திரையின் எந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். ளுஹருக்குப் பிறகு, வெளிப்பலகையை நிறுத்திவிட்டு, உள்ளே திரையில் மட்டும் செய்து பார்த்தேன். மறுபடி தொட்டால் நிற்கிறதா என்றும் பார்த்தேன். நின்றது. நோன்போடு இருந்தபடி அந்தச் சின்னப் பச்சைப் பிறை ஏறுவதைத் தனியே பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இன்னொரு தடவையும் பார்த்தேன்.

அன்று மாலை யாரும் வயலுக்குப் போகவில்லை. முப்பது நிறைந்துவிட்டது. பாங்கு சொன்னேன், நோன்பு திறந்தோம், மௌலவி தொழுவித்தார். தொழுகை முடிந்ததும் அவர் மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நேத்து நீங்க தொடங்கின கதைதானே. நீங்களே முடிங்க."

கைகளைக் காதுகளில் வைத்துக்கொண்டு, நாளை பெருநாள் என்று சொன்னேன். பிறகு என் அறைக்குப் போய்த் திரையில் விரலை வைத்து அழுத்தினேன். வெளியே ஆரவாரம் எழுந்தது. மிச்சம் வைத்திருந்த பட்டாசுகள் ஒன்றுசேர வெடித்தன. வெளியே வந்தபோது மேற்கே, வீடுகளுக்கு மேலால், மெய்யான பிறையும் மேகத்திலிருந்து விலகி நின்றது. அதைப் பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் பலகையைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண் படலையைத் திறந்துகொண்டு வீதி ஓரம்வரைக்கும் வந்து நின்றார். கையில் ஒரு பெரிய சட்டி.

"நானா, இப்ப உடைக்கட்டா?"

வீதியே என்னைப் பார்த்தது. கைகள் பக்கத்தில் சும்மா தொங்கின. அவற்றை நான் கவனிக்கவில்லை.

"உடைங்க," என்றேன்.